நீரும் நெருப்பும் நம் நகரமும்

நெருப்பு நமக்கு நண்பன். காலையில் அம்மா அடுப்பைப் பற்ற வைத்தால்தான் நம் டிபன் டப்பா நிறைகிறது. ஆலயத்தில் பீடத்து மெழுகுதிரி எரிகிறது. பாஸ்கா இரவில் கோயில் முற்றத்தில் குருவானவர் புதுத் தீயை மந்திரித்து, அதிலிருந்து பாஸ்கா திரியை ஏற்றி, நம் கைகளிலுள்ள சிறு திரிகளுக்கெல்லாம் அந்த ஒளியைப் பகிர்ந்தளிக்கிறார். ஆனால் அதே நெருப்பு எல்லை மீறினால் எவ்வளவு கொடியது என்பதைச் சென்ற தீபாவளி இரவில் நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தியின் குடும்பம் கோடம்பாக்கத்தில் ஒரு குறுகிய சந்தில், ஒரு வீட்டின் மொட்டை மாடியில் போட்ட கீற்றுக் கொட்டகையில் குடியிருந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு ராக்கெட் வாணம் அந்தக் கூரையில் விழுந்தது. காய்ந்த தென்னங்கீற்று பற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? அக்கம்பக்கத்தார் குடத்திலும் வாளியிலும் தண்ணீர் எடுத்து ஓடினார்கள். யாரோ தொலைபேசியில் சொல்ல, தீயணைப்பு வண்டியும் மணியடித்துக்கொண்டு விரைந்து வந்தது. வந்து, சந்தின் முனையில் நின்றுவிட்டது! ஒரு பக்கம் இரண்டு கார்கள். மறுபக்கம் யாரோ வீடு கட்டக் கொட்டி வைத்த மணல் குவியல். வீரர்கள் குழாயைத் தோளில் சுமந்து, ஒன்றோடொன்று இணைத்துக்கொண்டே உள்ளே ஓடி வந்தார்கள். தீ அணைந்தது. இறைவன் அருளால் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் துணிமணி, ரேஷன் அட்டை, பள்ளிச் சீருடை, அரையாண்டுத் தேர்வுக்கு அவள் எழுதி வைத்திருந்த அத்தனை நோட்டுப் புத்தகங்களும் சாம்பலாகிவிட்டன.

புறப்படும்போது ஒரு வீரர் சொன்ன வார்த்தை எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. "நிலையத்திலேருந்து இங்க வர்றதுக்கு ஆன நேரத்தவிட, தெருமுனையிலேருந்து வீட்டுக்கு வர்றதுக்குத்தாம்மா அதிக நேரம் ஆச்சு" என்றார் அவர்.

மறுவாரம் வகுப்பில் இதைப் பற்றிப் பேசினோம். அந்த வண்டியை அனுப்பியது யார்? அதில் இருந்த தண்ணீர் எங்கிருந்து வந்தது? மாநகராட்சி என்பது என்ன? இவையெல்லாம் எப்போது, எப்படி நம் ஊருக்கு வந்தன? எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை, "கேள்வி கேட்டவர்களே விடையும் தேடி வாருங்கள்" என்று கூறிவிட்டார்கள். தேடினோம். கிடைத்ததைப் பள்ளி மலரின் வாயிலாக உங்களுடன் பகிர்ந்துகொள்கிறோம்.

கோட்டைக்கு வெளியே ஒரு நகரம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-ல் கடற்கரையோரம் ஒரு மணல் திட்டில் இடம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். நெசவாளரும் சாயம் தோய்ப்பவரும் வணிகரும் கோட்டையைச் சுற்றிக் குடியேறினர். ஊர் வளர்ந்தது. ஊர் வளர்ந்தால் குப்பை சேரும், சாக்கடை தேங்கும், தண்ணீர் போதாது, ஒரு வீட்டில் தீப்பிடித்தால் அடுத்த வீட்டுக்கும் தாவும். இதையெல்லாம் கவனிப்பது யார்? வாணிபம் செய்ய வந்த கம்பெனிக்கு அது பெருந்தொல்லையாக இருந்தது.

ஆகவே லண்டனிலிருந்த கம்பெனித் தலைவர் சர் ஜோசையா சைல்டு ஒரு யோசனை சொன்னார். ஊரைப் பராமரிக்கும் பொறுப்பை ஊராரிடமே ஒப்படைத்துவிட்டால் என்ன? இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், 1687 டிசம்பர் 30-ஆம் நாள் அதற்கான சாசனம் பிறந்தது. 1688 செப்டம்பர் 29-ஆம் நாள் மதராஸ் மாநகராட்சி தொடங்கி வைக்கப்பட்டது. முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன் என்பவர். மேயருக்குத் துணையாக 12 ஆல்டர்மென்களும் 60 பர்கெஸ்களும் இருந்தனர். இந்தியாவிலேயே மிகப் பழைமையான மாநகராட்சி நம்முடையதுதான் என்பதை எண்ணும்போது நமக்குப் பெருமையாக இருக்கிறது அல்லவா?

ஆனால் தொடக்கம் அவ்வளவு எளிதாக இல்லை. நகர மண்டபமும் சிறைச்சாலையும் பள்ளிக்கூடமும் கட்ட வேண்டும் என்றும், அதற்கு மக்களிடம் வரி வாங்கலாம் என்றும் சாசனம் கூறியது. வரி என்றதும் ஊரார் முகம் சுளித்தனர். சுத்தமான தெரு வேண்டும், ஆனால் அதற்குக் காசு கொடுக்க மனமில்லை! முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கிய இந்த வழக்கு இன்னும் முடியவில்லை என்றே தோன்றுகிறது.

பிறகு பல சட்டங்கள் வந்தன. 1919-ஆம் ஆண்டுச் சட்டம் நகர மக்களின் பிரதிநிதிகளுக்கு அதிக அதிகாரம் அளித்தது. அரசு அலுவலர் அல்லாத முதல் மாநகராட்சித் தலைவராக விளங்கியவர் சர் பிட்டி தியாகராயர். இடையில் மறைந்து போயிருந்த 'மேயர்' என்ற பதவி 1933-ல் மீண்டும் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் அப்பதவியை ஏற்றார். நம்மைப் போன்ற பெண்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி ஒன்று உண்டு. 1957-ல் தாரா செரியன் அம்மையார் சென்னையின் முதல் பெண் மேயரானார். 1970-களில் காமாட்சி ஜெயராமன் அம்மையார் அப்பொறுப்பை வகித்தார். 2022-ல் வடசென்னையைச் சேர்ந்த பிரியா அவர்கள் தமது 28-ஆம் வயதில் மேயரானார்.

பூங்கா நகரில் வெள்ளை மாளிகையாக நிற்கும் ரிப்பன் கட்டிடத்தை நாம் அனைவரும் பார்த்திருப்போம். மிண்டோ பிரபு 1909-ல் அடிக்கல் நாட்ட, ஹாரிஸ் என்பவர் வரைபடம் தீட்ட, லோகநாத முதலியார் கட்டி முடிக்க, 1913-ல் மாநகராட்சி அங்கே குடியேறியது. இன்று 15 மண்டலங்களும் 200 வட்டங்களும் கொண்ட பெருநகரத்தை அது ஆள்கிறது. பத்தாவது மண்டலத்திற்கு நம் கோடம்பாக்கத்தின் பெயர்தான்!

தண்ணீரின் கதை

தீயை அணைக்க வேண்டுமானால் முதலில் தண்ணீர் வேண்டும். ஆகவே தீயணைப்பின் கதையைச் சொல்லுமுன் தண்ணீரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

கடலோர ஊர், தோண்டினால் பல இடங்களில் உப்புநீர். கோட்டைக்கு நல்ல தண்ணீர் கொண்டுவர 1772-ல் கேப்டன் பேக்கர் என்பவர், மின்ட் தெருவுக்கு அருகில் கிணறுகள் வெட்டினார். ஏழுகிணறு என்று இன்றும் அப்பகுதிக்குப் பெயர் வழங்குகிறது. ஆனால் அந்தத் தண்ணீர் கோட்டைக்குத்தான் சென்றது. ஊராருக்குக் கிணறும் குளமும்தான் கதி.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, ஃப்ரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி, 1872-ல் செங்குன்றம் ஏரியிலிருந்து வாய்க்கால் வழியாகக் கீழ்ப்பாக்கம் வரை தண்ணீர் வந்தது. வந்தது என்னவோ உண்மைதான். ஆனால் வடிகட்டாத தண்ணீர். திறந்த வாய்க்காலில் வந்த நீர் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேட்லி என்னும் தனிப் பொறியாளர் பொறுப்பேற்று, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளை அமைத்தார். 1914-ல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் செயல்படத் தொடங்கியது. நீர் மணல் படுகை வழியாக மெதுவாக இறங்கும்போது அழுக்கும் கிருமிகளும் தங்கிவிடும். தியாகராய நகரில் மேட்லி சாலை வழியாக எத்தனை முறை போயிருப்போம்! அந்தப் பெயர் நமக்குத் தண்ணீர் தந்தவருடையது என்று இதை எழுதும் வரை எங்களுக்குத் தெரியாது.

நகரம் மேலும் வளர்ந்தது, செங்குன்றம் போதவில்லை. மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி அவர்களின் முயற்சியால் பூண்டியில் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டும் வேலை தொடங்கியது. அது 1944-ல் முடிந்தபோது அதைக் காண அவர் உயிரோடில்லை. முந்தைய ஆண்டே மறைந்துவிட்டார். 'சத்தியமூர்த்தி சாகர்' என்று அவர் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. தாம் குடிக்கப் போகாத தண்ணீருக்காக உழைத்தவர் அவர். 1978 முதல் குடிநீரையும் கழிவுநீரையும் கவனிக்கும் பொறுப்பு மாநகராட்சியிடமிருந்து தனி வாரியத்துக்குப் போனது. அதைத்தான் நாம் 'மெட்ரோ வாட்டர்' என்கிறோம்.

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும. நம் அண்டைப் பகுதியான தியாகராய நகர் ஒரு காலத்தில் நீர்நிலை! நுங்கம்பாக்கம் முதல் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ஏரியின் ஒரு பகுதியைத் தூர்த்து, 1920-களில் மனைகளாக்கி, பனகல் பூங்காவை நடுவில் வைத்துச் சாலைகள் போட்டார்கள். மேற்கு மாம்பலத்தின் 'லேக் வியூ ரோடு' என்ற பெயரில் மட்டும் அந்த ஏரி இன்னும் இருக்கிறது. வீடு கிடைத்தது, ஏரி போயிற்று. மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கு வரும்போது, தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வருகிறது என்று நாங்கள் சொல்லிக்கொள்வதுண்டு.

தீயோடு போராடியவர்கள்

தீயணைக்கத் தனிப் படை என்பது புதிய எண்ணமல்ல. கி.பி. 6-ஆம் ஆண்டிலேயே ரோமாபுரியில் அகுஸ்துஸ் பேரரசர் இரவுக் காவலும் தீயணைப்பும் செய்ய ஒரு படையை நிறுவினார். தீயணைப்பு வீரர்களின் பாதுகாவலரான புனித ஃப்ளோரியனும் ரோமைப் படையில் பணியாற்றியவரே. விசுவாசத்தை மறுதலிக்க மறுத்ததால் 304-ஆம் ஆண்டில் அவரை ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றனர். எரியும் வீட்டின் மீது வாளியால் நீர் ஊற்றுபவராக அவரைப் படங்களில் காணலாம். அவரது திருநாளான மே 4-ஆம் நாளையே உலகத் தீயணைப்பு வீரர்கள் தினமாகக் கொண்டாடுகின்றனர்.

லண்டன் மாநகரம் 1666-ல் நான்கு நாட்கள் எரிந்தது. அதன் பின் காப்பீட்டுக் கம்பெனிகள் தங்கள் சொந்தத் தீயணைப்பாட்களை வைத்துக்கொண்டன. காப்பீடு செய்த வீட்டின் சுவரில் கம்பெனியின் உலோகத் தகடு பதிக்கப்பட்டிருக்கும். இப்படியே நெடுங்காலம் ஓடியது. 1861-ல் டூலி தெருவில் கிடங்குகள் பற்றி எரிந்தபோது ஏற்பட்ட நஷ்டத்தைக் கண்டு கம்பெனிகள், "இனி எங்களால் ஆகாது" என்றன. அதன் பிறகுதான் 1866-ல் பொதுப் பணத்தில் நடக்கும் தீயணைப்புப் படை லண்டனுக்குக் கிடைத்தது. தீ தகட்டைப் பார்த்துப் பரவுவதில்லை. ஏழை வீட்டுத் தீயை அணைக்காவிட்டால் பணக்கார வீடும் எரியும் என்ற பாடத்தை அந்த நகரம் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டது.

நம் நகரில் 1908-ஆம் ஆண்டில் தீயணைப்புப் படை தொடங்கப்பட்டது. தொடங்கி ஆறே ஆண்டுகளில், 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் நகரத்தின் மீது சுமார் 130 குண்டுகளை வீசியது. துறைமுகத்தருகே இருந்த எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு ஓடினார்கள். 'எம்டன்' என்ற சொல் இன்றும் நம் பாட்டிமார் வாயில், மிகவும் கெட்டிக்காரப் பேர்வழியைக் குறிக்க வருகிறது.

நம் கோடம்பாக்கம் என்றாலே சினிமா நினைவுக்கு வரும். அந்தக் காலத்தில் படம் பிடித்த சுருள் நைட்ரேட் எனும் பொருளால் ஆனது. அது தீப்பிடித்தால் அணைப்பது அரிது. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள்ளும் எரியும்! மவுண்ட் ரோடில் இயக்குநர் கே. சுப்ரமணியம் அவர்களைச் சேர்ந்தவர்கள் நடத்திய ஸ்டுடியோ ஒன்று 1940-களின் தொடக்கத்தில் தீக்கு இரையாகி ஏலத்துக்கு வந்தது. அதை எஸ்.எஸ். வாசன் வாங்கி ஜெமினி ஸ்டுடியோ ஆக்கினார். மேம்பாலத்தையே 'ஜெமினி' என்று அழைக்கிறோமே, அந்தப் பெயரின் பின்னால் ஒரு தீ விபத்தும் இருக்கிறது. கோடம்பாக்கத்திலும் வடபழனியிலும் ஸ்டுடியோக்கள் பெருகிய காலத்தில் இங்கே ரயில்வே கேட்தான் இருந்தது. 1960-களில் மேம்பாலம் வந்த பிறகே ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் ரயிலுக்காகக் காத்து நிற்காமல் தண்டவாளத்தைக் கடக்க முடிந்தது. பாலம் கட்டுவதும் ஒருவகையில் தீயணைப்புதான்!

1975 ஜூலை 11-ஆம் நாள் மவுண்ட் ரோடின் எல்.ஐ.சி. கட்டிடம் தீப்பற்றியது. ஓலைக்குடிசைகளின் தீயை மட்டுமே அதிகம் பார்த்திருந்த நகரத்திற்கு, ஏணி எட்டாத உயரம் என்ற புதுக் கவலை பிறந்தது. 1985 மே 30-ஆம் நாள், ரிப்பன் கட்டிடத்தின் பக்கத்திலேயே இருந்த மூர் மார்க்கெட் எரிந்தது. மாநகராட்சித் தலைவராயிருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரால் 1900-ல் திறக்கப்பட்ட அந்தச் சந்தையில் பழைய புத்தகம் வாங்கிப் படித்த கதையை எங்கள் தாத்தாக்கள் இன்றும் சொல்லி வருந்துகிறார்கள். 2017 மே 31-ல் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய ஜவுளிக்கடை எரிந்தது. ஒரு நாளுக்கு மேல் வீரர்கள் போராடினார்கள். கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. மீதியையும் இடிக்க வேண்டியதாயிற்று. அன்று எங்கள் வீட்டு மாடிகளிலிருந்து கரும்புகை தெரிந்ததைப் பெற்றோர் எங்களுக்குக் காட்டியதாகச் சொல்வார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாள் நம் நாட்டில் தீயணைப்புப் பணி தினம். 1944-ல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற கப்பல் தீப்பிடித்தது. அதில் பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் ஒன்றாக ஏற்றப்பட்டிருந்தன. கப்பல் வெடித்தபோது, தீயை அணைத்துக்கொண்டிருந்த வீரர்களில் 66 பேர் உயிர்நீத்தனர். அவர்களின் நினைவாகவே அந்த நாள் அனுசரிக்கப்படுகிறது.

இப்பணி ஆண்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துவிடாதீர்கள், தோழியரே! 2003-ல் நம் மாநிலத்தில் மீனாட்சி விஜயகுமார், பிரியா ரவிச்சந்திரன் என்ற இரு பெண்மணிகள் கோட்டத் தீயணைப்பு அலுவலர்களாகப் பொறுப்பேற்றார்கள். 2012 ஜனவரி மாதம் சேப்பாக்கம் எழிலகத்தின் கலஸ் மகால் தீப்பிடித்தபோது, பிரியா அவர்கள் தம் வீரர்களுடன் உள்ளே சென்று பலத்த காயமடைந்தார். நிலைய அலுவலர் ஒருவர் அங்கே உயிர்த்தியாகம் செய்தார்.

ஒரு தீயை அணைக்க எத்தனை கைகள்?

எங்கள் அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியுடன் அருகிலுள்ள தீயணைப்பு நிலையத்துக்கும் சென்று வந்தோம். அங்கே அலுவலர் ஒருவர் மிகப் பொறுமையாக விளக்கினார்.

தீ எரிய மூன்று பொருள்கள் வேண்டும்: எரிபொருள், வெப்பம், ஆக்ஸிஜன். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் தீ அணைந்துவிடும். தண்ணீர் வெப்பத்தை எடுக்கிறது. மணலும் நனைந்த கோணிப்பையும் காற்றைத் தடுக்கின்றன. எண்ணெய் எரியும்போது மட்டும் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது; அடியில் இறங்கி, கொதித்து ஆவியாகி, எரியும் எண்ணெயை நாலாபக்கமும் வீசிவிடும். அதனால் எண்ணெய்த் தீக்கு நுரை. மின்சாரத் தீக்குத் தண்ணீர் பட்டால் ஷாக் அடிக்கும். முதலில் மெயினை அணைத்துவிட்டு, கரியமில வாயுக் கருவியைப் பயன்படுத்த வேண்டும்.

சாதாரணத் தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். வண்டியை ஓட்டும் இன்ஜினே பம்பையும் ஓட்டும். கேட்பதற்கு நிறையத் தண்ணீர்போலத் தோன்றினாலும், குழாயை முழு வேகத்தில் திறந்தால் சில நிமிடங்களே வரும். அதற்குள் அடுத்த வண்டியோ தண்ணீர் லாரியோ வந்தாக வேண்டும். பூண்டியும் செங்குன்றமும் கீழ்ப்பாக்கமும் இந்தக் கதையில் ஏன் வந்தன என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இன்னொன்றும் தெரிந்துகொண்டோம். அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1992-ல் நிறைவேறியது. அதன்படி சேர்க்கப்பட்ட பன்னிரண்டாவது அட்டவணையில், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகள் உள்ளன. சாலை, பாலம், குடிநீர், சுகாதாரம் இவற்றுடன் தீயணைப்பும் அந்தப் பட்டியலில் உண்டு. மும்பையில் தீயணைப்புப் படை மாநகராட்சியின் கீழ் இயங்குகிறது. நம் தமிழ்நாட்டிலோ அது மாநில அரசின் துறை. 1985-ஆம் ஆண்டின் தீயணைப்புப் பணிச் சட்டம் இதற்கென உள்ளது. இரண்டிலும் நன்மை உண்டு. தன் ஊரின் சந்துபொந்தெல்லாம் மாநகராட்சிக்குத் தெரியும். ஆனால் வருமானம் குறைந்த சிற்றூர்களால் சொந்தமாக வண்டியும் வீரர்களும் வைத்துக்கொள்ள முடியாது. மாநிலம் முழுவதற்கும் ஒரே துறை என்றால் அவர்களுக்கும் உதவி கிட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீரர்கள் படகுகளில் வந்து மக்களைக் கரை சேர்த்ததைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீயணைப்புடன் 'மீட்புப் பணிகள்' என்று துறையின் பெயரில் இருப்பது வெறும் சொல் அல்ல.

ஆக, தீபாவளி இரவில் அந்த ஒரு கொட்டகைக்காக எத்தனை கைகள் வேண்டியிருந்தன! வண்டியும் வீரர்களும் மாநில அரசின் துறை. தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மின்சாரத்தை நிறுத்தியவர் மின்வாரிய ஊழியர். தெரு மாநகராட்சியுடையது. இத்தனை கைகளும் சேர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அத்தனையும் வந்து, கடைசி அறுபது அடியில், இரண்டு கார்களுக்கும் ஒரு மணல் குவியலுக்கும் முன்னால் நின்றுவிட்டன. அந்த அறுபது அடி எந்தத் துறையின் பொறுப்பு? நன்றாக எண்ணிப் பார்த்தால், அது நம்முடைய பொறுப்பு.

கும்பகோணத்துக் குழந்தைகள்

பள்ளி மலரில் இதை எழுதாமல் இருக்க முடியாது. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியில், சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மேல்மாடியில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறு குழந்தைகள். இறங்கி ஓடப் போதிய வழி இல்லை. 94 குழந்தைகள் மாண்டு போயினர். அதன் பிறகே தமிழகமெங்கும் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அகலமான படிக்கட்டு, அவசர வழி, தீயணைப்புக் கருவி ஆகியவை கட்டாயமாயின. இன்று நம் வகுப்பறைக்கு வெளியே சிவப்பு நிறக் கருவி தொங்குகிறதே, நம் படிக்கட்டில் சாமான்களை வைக்கக்கூடாது என்று சிஸ்டர் கண்டிக்கிறார்களே, அதற்கெல்லாம் விலை கொடுத்தவர்கள் அந்தக் குழந்தைகள். அவர்களுக்காக நம் காலை வழிபாட்டில் ஒரு மன்றாட்டு என்றும் இருக்கட்டும்.

தீயணைப்புப் பயிற்சியின்போது வரிசையில் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கியவர்களில் நாங்களும் உண்டு. இனி அப்படிச் செய்ய மாட்டோம்.

நாம் செய்யக்கூடியவை

நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை உங்கள் வீட்டிலும் சொல்லுங்கள்.

1. தீ என்றால் உடனே 101 அல்லது 112 எண்ணை அழையுங்கள். பதற்றத்தில் "தீ! தீ!" என்று மட்டும் கத்திவிட்டு வைத்துவிடாதீர்கள். தெருப்பெயர், கதவு எண், அருகிலுள்ள அடையாளம் ("பவர் ஹவுஸ் பக்கத்தில்" என்பதுபோல), என்ன எரிகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். ஒருவர் தெருமுனையில் நின்று வண்டிக்கு வழி காட்டட்டும்.

2. கேஸ் வாடை வந்தால் விளக்கு சுவிட்சைத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.

3. துணியில் தீப்பிடித்தால் ஓடாதீர்கள். ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்று, தரையில் விழுந்து, புரளுங்கள். சமைக்கும்போது நைலான் துணியும் தொங்கும் துப்பட்டாவும் வேண்டாம்.

4. புகை சூழ்ந்தால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு தரையோடு தவழ்ந்து வாருங்கள். புகை மேலே செல்லும். நல்ல காற்று கீழே இருக்கும். லிஃப்டில் ஏறாதீர்கள்.

5. எரியும் வீட்டுக்குள் பொருளை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

6. வண்டிகளை ஒரு பக்கமாக மட்டும் நிறுத்தும்படி அப்பாவிடமும் அண்ணனிடமும் சொல்லுங்கள். மணலையும் ஜல்லியையும் தெருவின் நடுவில் கொட்ட விடாதீர்கள்.

ஆறாவதை நாங்கள் சொல்லிப் பார்த்தோம். அந்தச் சந்தில் வீடு வீடாகச் சென்று, தோழியின் வீட்டில் நடந்ததை எடுத்துச் சொன்னோம். சிலர் கதவைத் திறக்கவில்லை. "படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதுக்கும்மா?" என்றார் ஒருவர். ஆனால் மணல் குவியல் மறுவாரம் உள்ளே போய்விட்டது. கார்களில் ஒன்று இப்போது அங்கே நிற்பதில்லை. இன்னொன்று நிற்கிறது! நாங்களும் விடுவதாக இல்லை.

தோழியின் நோட்டுப் புத்தகங்கள்? பாடத்துக்கு இருவராகப் பிரித்துக்கொண்டு, மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் மறுபடி எழுதிக் கொடுத்தோம். தமிழ் ஒரு கையெழுத்திலும் கணக்கு வேறு கையெழுத்திலுமாக அந்த நோட்டுகள் வேடிக்கையாகத்தான் இருக்கின்றன. அவள் அரையாண்டுத் தேர்வை எங்களோடு சேர்ந்து எழுதினாள். அறிவியலில் எங்கள் பலரைவிட அதிக மதிப்பெண் வாங்கினாள்.

ஒரு நகரம் என்பதும் அந்த நோட்டுப் புத்தகத்தைப் போன்றதுதான் என்று நாங்கள் நினைக்கிறோம். கிணறு வெட்டியவர் ஒருவர், வடிகட்டி அமைத்தவர் ஒருவர், அணைக்காகப் பாடுபட்டவர் ஒருவர், தீக்குள் இறங்கி உயிர் கொடுத்தவர் ஒருவர். பல கைகள் எழுதிய அதில் நம் பக்கமும் ஒன்று காலியாக இருக்கிறது. வருகிற பாஸ்கா இரவில் கையில் திரியை ஏந்தி நிற்கும்போது, நெருப்பை நண்பனாகவே வைத்திருக்க நமக்காக விழித்திருப்பவர்களையும் நினைத்துக்கொள்வோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவியர் சார்பில், வகுப்பு மாணவி ஒருத்தி